ஏர்கன் வாங்கலாம், எதைச் சுடலாம்?

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வளர்ந்தவர்களில் பலர் முதன்முதலில் கையில் எடுத்த துப்பாக்கி, திருவிழாக் கடையில் பலூன் சுடும் ஏர்கன்தான். அதே வகைத் துப்பாக்கி இன்று இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று விளம்பரம் கூவுகிறது. அது பாதி உண்மை. வாங்குவதற்குத்தான் லைசென்ஸ் வேண்டாம், அதுவும் ஓர் எல்லைக்குள். காக்கையையோ கொக்கையோ நோக்கி நீட்டினால் அந்தச் சலுகை உதவாது. வாங்க நினைப்பவர்களும், பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கும் வீட்டுப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

லைசென்ஸ் எப்போது தேவை?

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு விதிகள் இரண்டு அளவுகளைப் பார்க்கின்றன. குழல் விட்டம் 4.5 மி.மீ., அதாவது பாயின்ட் 177. குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல். இரண்டுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒன்று மிஞ்சினாலும் வேண்டும். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியை விற்கும் கடைக்காரரும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார். கேட்காமல் விற்கும் இடத்தில் வாங்காமல் இருப்பது நல்லது.

20 ஜூல் என்பது எவ்வளவு? அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் வரும் ஆற்றல் அது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தூரத்துக்குச் சுடும் ரைஃபிளின் ஆற்றல் 7.5 ஜூலை ஒட்டியே இருக்கும். போட்டித் துப்பாக்கியைவிட இரண்டரை மடங்கு வலுவான ஒன்றை லைசென்ஸ் இல்லாமலே வாங்க முடிகிறது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் குழந்தை கையில் கொடுத்தால், கண்ணைப் பறித்துவிடக்கூடிய பொருள் இது.

இரண்டு பாயின்ட் 22

கடைப் பேச்சில் அதிகம் குழம்புவது இங்கேதான். 5.5 மி.மீ. பெல்லட் போடும் ஏர்கன்னையும் ‘பாயின்ட் 22’ என்பார்கள்; வெடிமருந்துத் தோட்டா போடும் சிறு ரைஃபிளையும் ‘பாயின்ட் 22’ என்பார்கள். முன்னது காற்றில் இயங்குவது, ஆனால் 4.5 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டதால் லைசென்ஸ் வேண்டும். பின்னது முழுமையான சுடுகலன். அதன் தோட்டா சுமார் 140 ஜூல் ஆற்றலுடன் கிளம்பும். சற்று மேல்நோக்கிச் சுட்டால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போய் விழும்.

அந்த ரைஃபிளுக்கு ஆயுத லைசென்ஸ் இல்லாமல் வழியில்லை. காவல் ஆணையரகப் பகுதிகளில் ஆணையரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு சுடுகலன்கள்தான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பாயின்ட் 22 கேட்டால், அதற்குச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. வேட்டைக்கு என்று கேட்டால் இடமில்லை.

வேட்டைக்கு எது ஏற்றது?

எதுவும் இல்லை. பிரிட்டனில் இந்தக் கேள்வி நியாயமானது. முயலுக்கும் புறாவுக்கும் எந்த ஏர் ரைஃபிள் சரி என்று அங்கே பத்திரிகைகள் எழுதும். அந்தக் கட்டுரைகளையும் வீடியோக்களையும் பார்த்துவிட்டு இங்கே துப்பாக்கி தேர்வு செய்வது வீண்.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபோது, உரிமம் பெற்று வேட்டையாட ஓரளவு இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. காகம், எலி, பழந்தின்னி வவ்வால் ஆகியவை அதன் பிறகும் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும் முயன்று தவறுவதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் அரசுடைமையாகும்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்திலும், 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.-க்கு அப்பால் சுடும் வேலை வனத்துறைக்குத்தான், விவசாயிக்கு அல்ல. தெருநாய்மீது பெல்லட் அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

வடசென்னைக்கு இது ஏன் முக்கியம்?

வெள்ளைக்காரத் துரைமார்கள் சென்னையைச் சுற்றிய சதுப்புகளில் உள்ளான் சுட்டுப் பொழுதுபோக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சதுப்புகளில் எஞ்சியவற்றில் எண்ணூர் கழிமுகமும் அதற்கு வடக்கே பழவேற்காடும் அடங்கும். கூழைக்கடாவும் நாரையும் பூநாரையும் இன்றும் வரும் இடங்கள் அவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் படிந்து தவித்ததை இப்பகுதி மக்கள் பார்த்தார்கள். மிச்சம் இருக்கும் பறவைகளுக்குப் பெல்லட் வேறு வேண்டாம்.

மனிதர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. துப்பாக்கிப் பயிற்சியின் முதல் விதி, குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் சுடாதே என்பது. சுவரோடு சுவர் ஒட்டிய இராயபுரத்து மொட்டைமாடியிலோ, எண்ணெய்க் குழாய்களும் சேமிப்புத் தொட்டிகளும் நிறைந்த மணலி, எண்ணூர்ப் பக்கத்திலோ அதற்குப் பதில் சொல்ல முடியாது. தகரத்திலும் சிமென்ட் சுவரிலும் பட்ட பெல்லட் திரும்பித் தெறிக்கும்.

எந்த வகை, யாருக்கு?

இலக்குச் சுடுதலுக்கு என்றால் இரண்டு வகை பார்க்கலாம். குழலை மடித்து ஸ்பிரிங்கை அழுத்தும் வகை மலிவானது, பராமரிப்பு எளிது. ஆனால் சுடும்போது உதைக்கும். ஒரே மாதிரி பிடித்துப் பழக வேண்டும். சிலிண்டரில் அழுத்தக் காற்று அடைத்த வகை உதைக்காது, துல்லியம் அதிகம், விலையும் அதிகம். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஸ்டேயர் போன்ற ஜெர்மன், ஆஸ்திரியப் போட்டி ரைஃபிள்கள் லட்சங்களில் போகும். உள்நாட்டில் ப்ரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. பழைய போட்டி ரைஃபிள் வாங்கினால் முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு கடந்ததைத் தொடாதீர்கள்.

பட்டறை நிறைந்த இந்தப் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து துப்பாக்கிக்குக் காற்றேற்றவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஈரமில்லாத சுத்தமான காற்று மட்டுமே உதவும்.

எங்கே தொடங்குவது?

துப்பாக்கிக் கடையில் அல்ல, கிளப்பில். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. மாநில, தேசியப் போட்டிகளில் திறந்த குறிமுள் கொண்ட சாதாரண ஏர் ரைஃபிளுக்கும் தனிப் பிரிவு உண்டு. லட்சம் செலவழித்துத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக அதே பிரிவில் நின்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். அவர்கள் குறிவைத்த பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

முதல் சில மாதங்கள் கிளப் துப்பாக்கியில் பழகுங்கள். தோள், கை நீளம், எடை எல்லாம் உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்குங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், துப்பாக்கியைக் குண்டு எடுத்துவிட்டு, உறையிலிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். காகித இலக்கைத் தவிர வேறு எதையாவது சுட வேண்டும் என்பதற்காக ஏர்கன் தேடுபவர் என்றால், வாங்காதீர்கள்.