டிக்கெட் உண்டு, காசு இல்லை!

டவுன் பஸ் வந்து நின்றது. காய்கறிக் கூடையுடன் ஒரு பெண் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். அவள் காசு கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை!

திருவண்ணாமலை அருகே உள்ள கீழ்பென்னாத்தூரில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுவதும் 2021-ம் ஆண்டில் வந்த மாறுதல் இது. அந்த ஆண்டு மே 7-ந் தேதி மு.க.ஸ்டாலின் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். அன்றே இதற்கான உத்தரவில் கையெழுத்திட்டார். மறுநாளே அது அமலுக்கு வந்தது. அரசின் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை!

வீட்டுக் கணக்கு

ஒரு பெண் திருவண்ணாமலைக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். போக 10 ரூபாய், வர 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் வேலை. பஸ்சுக்கு மட்டும் 500 ரூபாய்! அது மிச்சமானால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் ஆகும். வீட்டுக்கு எண்ணெய், பருப்பு ஆகும்.

மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து பார்த்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று கண்டது. அந்தப் பணம் உள்ளூர்க் கடைக்கும் சந்தைக்கும் வருகிறது.

அரசாங்கக் கணக்கு

அப்படியானால் டீசலுக்கு யார் பணம் கொடுப்பது? டிரைவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அரசாங்கம் கொடுக்கிறது. அதாவது, மக்களின் வரிப்பணம்! தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை 3,600 கோடி. ஏறிய பெண்கள் எத்தனை பேர் என்று தெரியவேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தக் காசில்லாத டிக்கெட்!

ஐரோப்பாவில் லக்சம்பர்க் என்ற சின்ன நாடு உண்டு. அங்கே 2020-ம் ஆண்டிலேயே பஸ், ரெயில், டிராம் மூன்றும் எல்லோருக்கும் இலவசம் ஆயின. அங்கேயும் செலவு வரிப்பணத்தில்தான்.

பஸ் கணக்கு

காலியாக ஓடும் பஸ்சில் இன்னும் 10 பேர் ஏறினால் செலவு அதிகம் கூடாது. அதே டீசல், அதே டிரைவர். ஆனால் காலை நேரத்தில் படிக்கட்டு வரை கூட்டம் நின்றால்? இன்னொரு பஸ் விடவேண்டும். அதற்குப் புதிய செலவு!

மற்றொரு விஷயமும் உண்டு. இந்தச் சலுகை வெளியூர் பஸ்களுக்கும் எக்ஸ்பிரஸ் பஸ்களுக்கும் என்று வந்தது அல்ல. வேலைக்கு நேரமாகிவிட்டது, டவுன் பஸ் வரவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள்? வெளியூர் பஸ்சில் ஏறி, காசு கொடுத்துத்தான் போவாள். அன்றைய மிச்சம் போயிற்று!

டிக்கெட் இலவசம் என்றால் மட்டும் போதாது. நேரத்துக்கு பஸ்சும் வரவேண்டும்!