கண்ணீரைக் காசாக்கும் கில்லாடிகள்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம்.

கடல் பொங்கி எழுந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், கன்னியாகுமரி... கரையோர ஊர்களுக்குள் அலை புகுந்தது. இந்தோனேசியா, இலங்கை, தாய்லாந்து முதலிய நாடுகளிலும் இதே கதிதான். மாண்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல்.

உலகமே கண் கலங்கியது. கூலி வேலை செய்தவர்கள் கூடத் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள்.

அதே நேரத்தில் வேறு சிலர் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இந்தக் கண்ணீரில் நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று!

8 லட்சம் கடிதம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். அங்கே இருந்த வாலிபர் ஒருவர், சுமார் 8 லட்சம் பேருக்கு இ-மெயில் அனுப்பினார். சுனாமியில் தவிப்பவர்களுக்கு உதவும்படி அதில் உருக்கமாக வேண்டியிருந்தார். அடியில் இருந்தது, பெயர் பெற்ற ஒரு தரும நிறுவனத்தின் பெயர். பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் அவருடையது!

போலீசார் அவரைப் பிடித்தார்கள்.

2005 ஜனவரியில் இன்னொரு கடிதம் உலாவியது. "சுனாமி நன்கொடை! தயவு செய்து உதவுங்கள்!" என்பது அதன் தலைப்பு. கூடவே ஒரு கோப்பு இருந்தது. அதைத் திறந்ததும் கம்ப்யூட்டருக்குள் "புழு" புகுந்தது. புழு என்றால் நெளிகிற புழு அல்ல. தானே பெருகும்படி எவனோ எழுதி வைத்த கெட்ட கட்டளை. அது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த முகவரிகளை எடுத்தது. அத்தனை பேருக்கும் தானே கடிதம் அனுப்பியது. தெரிந்தவரிடம் இருந்து வந்த கடிதம் ஆயிற்றே! யாருக்குச் சந்தேகம் வரும்? அவர்களும் திறந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவைக் கட்ரீனா புயல் தாக்கியது. உடனே அதன் பெயரில் போலி இணையதளங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. இந்த மோசடிகளைப் பிடிப்பதற்கு என்றே அமெரிக்க அரசு தனிப்படை அமைக்க வேண்டி வந்தது.

ஓர் எழுத்து!

2020 மார்ச் மாதம். கொரோனா காலம். பிரதமர் "பி.எம். கேர்ஸ்" நிதியை அறிவித்தார். செல்போன் மூலம் பணம் அனுப்ப ஒரு முகவரியும் தரப்பட்டது. உடனே அதே போல இன்னொரு முகவரி முளைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? "கேர்ஸ்" என்பதில் கடைசி எழுத்து இல்லை. "கேர்" என்று இருந்தது. அவ்வளவுதான்!

விழிப்பான ஒருவர் இதைக் கண்டு சொன்னார். டெல்லி போலீசார் பாங்குக்குத் தெரிவித்து, அந்த முகவரியை முடக்கச் செய்தார்கள். படித்தவர்கள் கூட ஏமாறக் கூடிய வித்தை இது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களே ஒரு விதத்தில் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு எழுத்தாகத்தானே பார்ப்பார்கள்!

பணம் அனுப்பும் முன்பு, பெறுகிறவர் பெயர் செல்போனில் தெரியும். அதை உரக்கப் படிக்க வேண்டும். நிவாரண நிதி என்று சொல்லிவிட்டு யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடுவதை விட, அரசு அறிவிப்பில் உள்ள முகவரியைத் தாமே தட்டச்சு செய்வது நல்லது.

வீடு இழந்தவரிடமும்...

கொடுப்பவரை ஏமாற்றுவதாவது ஒரு பங்கு. வெள்ளத்தில் பாய், பாத்திரம் எல்லாம் போய் நிற்பவரையும் இந்த ஆசாமிகள் விடுவது இல்லை. "உங்களுக்கு நிவாரணப் பணம் வந்திருக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டால் கணக்கில் ஏறும்" என்பார்கள். போட்டால், இருக்கிற பணமும் போய்விடும்! செல்போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை. கொடுப்பதற்குத்தான் வேண்டும்.

பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காரக் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். திருடிய பணத்தை அந்தக் கூட்டம் ஒரு கணக்கில் வைத்திருப்பது இல்லை. அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போகும். அதற்குள் புகார் போய்விட்டால், பாங்கு அதை வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும். பணம் போனதாக வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடக் கூடாது. அதில் உள்ள எண்ணைப் புகாரில் சொல்ல வேண்டி இருக்கும்.