என் வீட்டுத் தபாற்கந்தோர்

மின்னஞ்சல் என்பது பெருங் கம்பனிகளின் களஞ்சியத்தில் நமக்கு விட்ட ஒரு மூலை என்றே பலரும் கருதுகின்றனர். களஞ்சியம் மூடப்படின் கடிதங்களும் போம். ஆனால், 1982ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரெல் எழுதிய அஞ்சல் விதிகளின்படி, இணையத்திலே பெயரும் முகவரியும் உடைய எந்தக் கணினியும் கடிதம் ஏற்கலாம், அனுப்பலாம். அவ்வுரிமையை நான் கைக்கொண்டேன்.

வீட்டிலே ஒரு சிறு கணினி. போக்குவரத்தைக் கவனிப்பது போஸ்ற்பிக்ஸ் என்னும் மென்பொருள். வந்தவற்றை அடுக்கிவைத்து, கேட்டபோது எடுத்துத் தருவது டவ்கொட். மாணவர் கடிதங்கள் ஒரு கட்டிலும் பத்திரிகைக் கடிதங்கள் வேறொரு கட்டிலும் தாமாகவே சேர்கின்றன. மின்சாரம் நின்றால் என் செய்வது என்பீர்கள். அனுப்பும் கணினி கடிதத்தை உடனே கைவிடாது. சில நாள்வரை மீண்டும் மீண்டும் முயலும்.

பெறுதல் எளிது, அனுப்புதலே அரிது. வீட்டு இணைப்புகள் பலவற்றில் 25ஆம் இலக்க வாயில் அடைபட்டிருக்கும். அதனைத் திறப்பித்து, நிலையான முகவரியும் பெறல்வேண்டும். என் பெயரால் அனுப்பத்தக்க கணினி இதுவே என்னும் எஸ்.பி.எவ். அறிவிப்பும், கடிதந்தோறும் டி.கே.ஐ.எம். முத்திரையும் வேண்டும். யாவும் இருந்தும், மாணவன் ஒருவனுக்கு நான் எழுதிய நற்சான்றுக் கடிதம் ஒரு பெருநிறுவனத்தின் குப்பைப் பெட்டியிலே கிடந்தது. சிறியோனைக் கண்டவுடன் சந்தேகித்தல் நீதியோ?

ஆயினும், காலஞ்சென்ற என் ஆசிரியரின் மடல்கள் இன்று என் மேசையருகே உள்ளன. இரவுதோறும் அவற்றின் பிரதியொன்று தம்பி வீட்டுக் கணினிக்குப் போகின்றது.