கோட்டை போட்டு நடப்போம்!

பால்மரம் சீவிய காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மரம் பார்த்தீர்கள்? ஐந்நூறுக்குக் குறையாது. மரத்துக்கு மரம் நடை, மேடு பள்ளம் நடை, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடை. அன்று யாரும் நம்மைப் பார்த்து, ‘நடங்க, நடங்க’ என்று சொல்லவில்லை. வேலையே நடையாக இருந்தது.

இன்று? வேலையை விட்டு நின்ற மறுநாளே நாற்காலியும் தொலைக்காட்சியும்தான் கதி என்று உட்கார்ந்துவிடுகிறோம். முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இனிப்புநீர் ஏறுகிறது. மனத்தில் பாரம் கூடுகிறது. மலேசிய சுகாதார அமைச்சின் கணக்கெடுப்பில் 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023-இல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த அளவு மற்றவர்களைவிட அதிகம். இது நம் வீட்டுச் செய்தி.

“நடக்கச் சொல்றீங்களே, எங்கே நடப்பது?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. குளுவாங் லம்பாக் மலையில் ஏறி இறங்க இளவட்டங்களால் முடியும். தடியூன்றிய பாட்டியால் முடியுமா? தோட்டத்துச் சாலையிலோ செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருகிறது. பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கண்பார்வை மங்கியவர் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்?

இதற்கு நம் முன்னோர் வழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் சுற்றுக் கோட்டை.

தமிழ்நாட்டில் இதை ஏழு சுற்றுக் கோட்டை என்பார்கள். வாசலில் கோலமாகவும் போடுவதுண்டு. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கெடிமேடு என்ற ஊரில், பக்கத்துக்கு 56 அடி கொண்ட பழங்காலச் சதுரக் கோட்டை ஒன்று 2015-இல் செய்தியானது. பிரான்சு நாட்டில் சார்த்ர் தேவாலயத்தின் தரையில், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த பதினொரு சுற்று வட்டம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகள் சிலவும் நோயாளிகளுக்காக இப்படிப்பட்ட பாதைகளை அமைத்திருக்கின்றன.

‘சக்கர வியூகமா?’ என்று பயப்படாதீர்கள். அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. நம் கோட்டையில் அந்த வம்பே இல்லை. பாதை ஒன்றே ஒன்றுதான். பிரிவு கிடையாது, முட்டுச் சந்து கிடையாது. வளைந்து வளைந்து நடுவுக்குப் போவீர்கள். அதே வழியில் திரும்பி வருவீர்கள். வழி தேட வேண்டாததால் மனம் ஓய்கிறது. பெரிய தூரமும் சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது.

எப்படிப் போடுவது?

கோலம் போடத் தெரிந்த கைக்கு மூன்று சுற்றுக் கோட்டை எளிது. முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளி வையுங்கள். குறியின் மேல் நுனியை வலது மேல் புள்ளியோடு சிறு வளைவாக இணையுங்கள். அடுத்து, இடது மேல் புள்ளியில் தொடங்கி, மேலாக வளைத்து, குறியின் வலது நுனியில் சேருங்கள். பிறகு குறியின் இடது நுனியிலிருந்து அதே மாதிரி வளைத்து வலது கீழ்ப் புள்ளிக்கு வாருங்கள். கடைசியாக, இடது கீழ்ப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் சுற்றி வந்து குறியின் கீழ் நுனியில் முடியுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. இடது கீழ்ப் புள்ளிக்கும் கீழ் நுனிக்கும் இடையிலுள்ள வெளிதான் வாசல்.

தரையில் போடும்போது கோட்டுக்குக் கோடு 5 அடி விடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். அப்படியானால் கூட்டல் குறி 10 அடி நீளம் இருக்கும். நீள அகலம் 40 அடி உள்ள சமதரை போதும். உள்ளே போய் வந்தால் ஏறக்குறைய 300 அடி நடை. மூன்று தடவை போய் வாருங்கள், ஆயிரம் அடிக்குப் பக்கமாகிவிடும்!

முதலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஒரு மாதம் நடந்து பார்க்கலாம். பிடித்துவிட்டால் நிலையாகச் செய்யலாம். நிலம் தோட்ட நிர்வாகத்துடையதா, நகராண்மைக் கழகத்துடையதா என்று விசாரித்து, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தரை இறுகலாக இருக்க வேண்டும். சிமெண்டுத் தரை நல்லது. கல்தூள் கொட்டி இறுக்கினாலும் சரி. மணலிலும் புல்லிலும் சக்கரம் புதையும். ஓரத்துக்குக் கல் நட்டு உயர்த்தாதீர்கள், கால் இடறும். பழைய டயர் வைக்கவே வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கி டெங்கிக் கொசுவுக்கு வீடாகும். பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுங்கள். பார்வை மங்கியவருக்காகக் கோட்டை வெள்ளைச் சாயத்தில் பட்டையாகப் போடுங்கள். சாய்ந்து உட்காரும் நாற்காலியை வாசலுக்கு வெளியே வையுங்கள். நடுவில் சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும்.

பொதுப் பூங்காக்களில் வெறுங்காலோடு மிதிக்கக் கூழாங்கல் பாதை பார்த்திருப்பீர்கள். அதை இங்கே பதிக்காதீர்கள். இனிப்புநீர் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கல் குத்துவது தெரியாது. புண்ணாகும், புண் ஆறாது, கடைசியில் காலையே எடுக்கும் நிலை வரலாம். ஆகவே அவர்கள் எப்போதும் காலணியோடு நடக்க வேண்டும். நடந்தபின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். கைகால் நடுக்கமோ வியர்வையோ கண்டால் உடனே வாயில் போடுங்கள். நெஞ்சு வலித்தால் நடையை நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கக் கூடாது.

வெயில் ஏறுமுன் காலையிலோ, சாயங்காலத்திலோ நடங்கள். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஒரு பங்கு இங்கே கிடைத்தாலும் லாபம்தானே?

நடக்கவே முடியாதவருக்கும் வழி உண்டு. ஒரு பலகையில் இதே கோட்டையைச் செதுக்கி மடியில் கொடுங்கள். விரலால் மெல்லப் போய் வரட்டும். அவருக்கும் மனம் அமைதிப்படும்.

இந்தக் கோட்டை மருந்தல்ல. கிளினிக் மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நம் பெரியவர்களை வெளியே கொண்டுவரும். உள்ளே போகிறவரும் திரும்பி வருகிறவரும் எதிரெதிரே சந்திப்பார்கள். “என்னக்கா, கால் எப்படி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கும் மூத்தோர் நம் லயங்களில் எத்தனை பேர்!

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரு கயிறு, ஒரு வாளி சுண்ணாம்பு, கோலம் தெரிந்த ஒரு பாட்டி. இவை போதும், தொடங்கிவிடலாம்!