பெட்டியில் 7.1, தலையில் இரண்டே காது

பிளஸ் டூ படிக்கும் மகன் கேட்கிறான் என்று கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கேமிங் ஹெட்செட் வாங்கலாமா, பெட்டியில் போட்டிருக்கும் 7.1 சரவுண்ட் நிஜமா என்பது அவர் கேள்வி. அந்த விலையில் வாங்கிய ஒன்று சென்னையின் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் என் தலையில் கழித்திருக்கிறது. பகலில் அலுவலக மீட்டிங், இரவில் வேலோரன்ட் விளையாட்டு, நடுநடுவே இளையராஜா. அதை வைத்துச் சொல்கிறேன்.

ஹெட்செட்டைப் பிரித்தால் பக்கத்துக்கு ஒரு டிரைவர், அதாவது ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இருக்கும். பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீட்டர் விட்டம். மீதி ஸ்பீக்கர்கள் எல்லாம் மென்பொருள் போடும் கணக்கு. அதற்காக ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. நமக்கும் இருப்பது இரண்டு காதுதானே? அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் முன், பின், மேல், கீழ் எல்லாம் கண்டுபிடிக்கிறோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

வலப்பக்கம் எழும் ஓசை வலது காதை முதலில் தொடும். இடது காதை எட்ட, அதிகம் போனால் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு கூடுதலாக ஆகும். அந்தத் துளி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. கீச்சென்ற ஓசையாக இருந்தால் தலையே குறுக்கே நின்று மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தமும் குறையும். இந்த இரண்டையும் சேர்த்து 1907இல் விளக்கியவர் லார்ட் ராலே. சரி, நேர் முன்னாலோ நேர் பின்னாலோ எழும் ஓசை இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அல்லவா வரும்? அங்கேதான் காது மடல் வேலை செய்கிறது. அதன் மேடு பள்ளங்களில் பட்டு உள்ளே போகும் ஓசையில் சில அதிர்வெண்கள் தூக்கலாகும், சில மங்கும். எந்தத் திசைக்கு எந்த மாற்றம் என்பது சிறு வயதிலிருந்தே மூளைக்குப் பழக்கம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். யாராவது சாவிக்கொத்தை முகத்துக்கு நேரேயும் பின்தலைக்கு நேரேயும் மாற்றி மாற்றிக் குலுக்கட்டும். பிறகு துளையை அடைக்காமல் மடல்களை மட்டும் விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். முன் எது, பின் எது என்று தடுமாறும்.

செயற்கைத் தலையின் காதுகளில் மைக் பொருத்தி இந்த மாற்றங்களை அளந்து, அதே கணக்கை ஓசையில் ஏற்றுகிறது மென்பொருள். அளவெடுத்த காதோடு உங்கள் காது எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்குப் பலிக்கும். வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. அதற்கு மேல் ஹெட்செட்டின் 7.1ஐயும் போட்டால் ஒரே கணக்கு இரண்டு தடவை ஏறி ஓசை குழம்பும். 7.1 அணைந்திருக்கும்போதுதான் படியேறி வருகிறவன் எந்தப் பக்கம் என்று எனக்குச் சரியாகப் பிடிபடுகிறது. பாட்டுக்கும் அது வேண்டாம்.

மைக் விலைக்கு மேலேயே உழைக்கிறது. குரல் கொஞ்சம் தட்டையாகும், ஆனால் சொல் தேயாது. வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சுக் காற்று இரையாது. நம் குரலையே நம் காதுக்குத் திருப்பித் தரும் வசதி மலிவு விலை ஹெட்செட்டில் அநேகமாக இருக்காது; பையன்கள் வீடதிரக் கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடி போடுகிறவர்கள் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் அந்த இடுக்கு வழியே பேஸ் கசிந்துவிடும்.

முதலில் போவது அந்தக் காது மெத்தைதான். தோல் மாதிரித் தெரிவது பாலியுரேத்தேன் பூச்சு. வியர்வையின் ஈரமும் காற்றின் ஈரமும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கும். என்னுடையதில் தாடையோரம் முதலில் சுருங்கியது, பிறகு விரிசல், பிறகு கன்னமெல்லாம் கறுப்புச் செதில். டிரைவர் இன்றும் நன்றாகப் பாடுகிறது. மாற்று மெத்தை மட்டும் தயாரித்தவர்களிடம் கிடைக்கவில்லை. ஒயரும் இப்படித்தான்: இஸ்திரிப் பெட்டி ஒயர் போல, சேருகிற கழுத்தில்தான் அறும், கழற்றி மாற்ற வழியிருக்காது. சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக முழு ஹெட்செட்டும் மின்கழிவாகிறது. மின்னும் வண்ண விளக்குக்குப் போட்ட காசை இதற்குப் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே வாங்கலாம். 7.1ஐப் பார்த்து அல்ல. மாற்று மெத்தை கிடைக்குமா, ஒயரைக் கழற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். உரியாத துணி மெத்தை நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது. கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட மாட்டி வையுங்கள்.

ஒலியளவு பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம், அவ்வளவுதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அந்த 40 மணி நேரமும் 75 டெசிபலில்தான். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிப் பழக்குங்கள்.