ஜப்பான்காரன் வாளும் பழவேற்காட்டுத் திருக்கைத் தோலும்

அண்ணன் பீர்மேட்டு மலையேறினான். தம்பி கப்பலேறி மலாயா போனான். தேயிலைக்கும் ரப்பருக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்தில் இப்படி இரண்டாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. மலாயா போனவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்வது 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை. 415 கிலோமீட்டர் நீளமான சயாம்-பர்மா ரயில் பாதை போட, ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் காட்டுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். அவர்களை மிரட்டிய பொருள்களில் ஒன்று ஜப்பானிய அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாள்.

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது, அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே ஒப்படைக்க வேண்டும் என்று தளபதி மவுண்ட்பேட்டன் கண்டிப்பாக இருந்தார். அப்படிக் கைமாறிய வாள்கள் உலகெங்கும் சிதறின. இன்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், "சாமுராய் வாள், லட்சக்கணக்கில் பெறும்" என்று பேச்சு கிளம்பிவிடும். பெறுமா, பெறாதா? முதல் துப்பு அலகில் இல்லை. பிடியிலும் உறையிலும் இருக்கிறது.

பிடியின் மேல் கயிறு சுற்றியது போலத் தெரிந்து, தொட்டால் சில்லென்று ஒரே வார்ப்பு உலோகமாக இருந்தால், அது 1935இல் வந்த சார்ஜண்டு வகை வாள். தொழிற்சாலைச் சரக்கு, அலகில் எண்ணும் பொறித்திருக்கும். அதிகாரிகளின் வாளில் நிஜக் கயிறே சுற்றியிருக்கும். 'சூபா' எனப்படும் கைக்காப்புத் தட்டில் செர்ரிப் பூ இருக்கும். இங்கேதான் ஏமாறுவது எளிது. பாட்டன் காலத்து அலகைப் பட்டாளத்து உறைக்குள் போட்டு எடுத்துவந்த அதிகாரிகளும் உண்டு. வெளியே 1940, உள்ளே 1640 என்றும் இருக்கலாம். பிடியின் நுனியில் சிறிய வெள்ளிக் குடும்ப முத்திரை இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பழைய வாள்களில் இந்த உறுப்புகளே தனிக் கலை. சூபா, பிடியின் இரு முனைகளிலும் உள்ள பூண்கள், கயிற்றுக்கடியில் செருகிய 'மெனுகி' என்னும் சிற்றுருவங்கள் ஆகியவற்றைச் செய்தவர்கள் கொல்லர்கள் அல்லர், தனித் தட்டார்கள். கோத்தோ என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஷோகன்களுக்கு இதையே செய்து வந்தது. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, மருந்து நீரில் இட்டுக் கருநீலமாக்குவார்கள். அதற்கு 'ஷாகுதோ' என்று பெயர். நம் வீட்டுப் பழக்கப்படி புளி போட்டு விளக்கினால் அந்தக் கருமையே போய்விடும். விலையும் அதோடு போகும். பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வால்பகுதித் துருவும் அப்படித்தான். வயதைக் காட்டும் சாட்சி அந்தத் துரு. உப்புத்தாள் எடுப்பவர் சாட்சியைக் கலைக்கிறார்.

1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதை ஜப்பானிய அரசு தடை செய்ததும் இந்தத் தட்டார்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. பலர் வெளிநாட்டாருக்கு ஜாடியும் பெட்டியும் செய்யப் போனார்கள்.

இனி கயிற்றுக்கடியில் இருக்கும் வெள்ளைத் தோலைப் பார்க்க வேண்டும். அரிசி ஒட்டியது போல மணி மணியாக இருக்கும். அது திருக்கை மீன் தோல். பிடி வழுக்காமலிருக்கப் போடுவது. மணிகள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் அசல். எல்லாம் ஒரே அளவில் வரிசை பிடித்து நின்றால், யுத்தகாலத்துச் செல்லுலாய்டு என்று சந்தேகப்படலாம்.

இந்தத் தோல் முழுவதும் ஜப்பான் கடலில் கிடைத்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனி, சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்கு அனுப்பிய சரக்குகளில் திருக்கைத் தோலும் ஒன்று. நம் கரைத் துணிக்கும் அங்கே மதிப்பு இருந்தது. கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே'. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்தான் அது.