சென்னை பொது அஞ்சலகம் (ஜி.பி.ஓ.)

சென்னை ராஜாஜி சாலையில், பாரிமுனைக்கும் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் இடையே, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் செந்நிறக் கட்டடமே சென்னை பொது அஞ்சலகம். மக்கள் இதை ‘ஜி.பி.ஓ.’ என்றே சொல்வார்கள். அண்ணா சாலையிலுள்ள தலைமை அஞ்சலகம் வேறு, இது வேறு. 1884ஆம் ஆண்டு முதல் இந்தக் கட்டடம் அஞ்சலகமாகவே இயங்கி வருகிறது. ஒரு கட்டடம் எந்தப் பணிக்காகக் கட்டப்பட்டதோ அதே பணியில் நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருப்பது அரிது. அதனால்தான் இதன் கட்டடக்கலையையும் நகர வாழ்வில் இதற்குள்ள இடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோட்டையிலிருந்து கடற்கரைக்கு

சென்னையின் அஞ்சல் வரலாறு கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவையிலிருந்து தொடங்குகிறது. ஆளுநர் எட்வர்ட் ஹாரிசன் காலத்தில், 1712இல், வங்காளத்துக்குக் கடிதங்கள் கொண்டு செல்ல ஓட்டக்காரர்கள் அமர்த்தப்பட்டனர். அவை பெரும்பாலும் கம்பெனியின் அலுவல் கடிதங்கள். பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தத்தக்க முறையான அஞ்சலகம் 1786 ஜூன் 1 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்டது. பின்னர் அது பிராட்வே பகுதிக்கு மாறி, 1884இல் இன்றைய இடத்துக்கு வந்தது.

இந்த இடம் காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்று வெளிநாட்டுத் தபால் கப்பலில்தான் வந்தது. துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட, மசூலா படகுகள் அலைகளைக் கடந்து பயணிகளையும் சரக்குகளையும் தபால் பைகளையும் கரை சேர்த்தன. வணிக நிறுவனங்களும் இந்தக் கடற்கரைச் சாலையிலும் அதை ஒட்டிய ஜார்ஜ் டவுனிலுமே குவிந்திருந்தன. கப்பல், ரயில், வணிகர் ஆகிய மூன்றுக்கும் அருகில் இருப்பதே அஞ்சலகத்துக்கு ஏற்ற இடம்.

இவ்வளவு பெரிய கட்டடம் ஏன்?

கடிதம் வாங்கவும் அனுப்பவும் மட்டும் இத்தனை பெரிய மண்டபம் தேவையில்லை. விடை, 1884க்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் இருக்கிறது.

1854க்கு முன் தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடியது. அந்த ஆண்டு முதல், குறைந்த எடைக் கடிதத்துக்கு நாடு முழுவதும் தூரம் பாராமல் அரை அணா என்றாயிற்று. ஏழைக்கும் கடிதம் எட்டும் பொருளானது. 1877இல் வி.பி.பி. வந்தது, பொருள் கைக்கு வந்தபின் பணம் கட்டலாம் என்பதால், வெளியூர்க்காரர் சென்னையிலிருந்து புத்தகம் வரவழைப்பது எளிதானது. 1879இல் காலணா கார்டு, 1880இல் மணியார்டர், 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி என்று அடுத்தடுத்து வந்தன.

ஆக, 1884இல் கதவு திறந்தபோது அது வெறும் தபால் நிலையமாக இல்லை. வங்கியாகவும், பணம் அனுப்பும் இடமாகவும், கடைச்சரக்கு போய்வரும் வழியாகவும் இருந்தது. வரிசையில் நிற்கும் மக்களுக்கு ஒரு மண்டபம், கடிதம் பிரிப்பவர்களுக்கு விசாலமான இடம், பைகளை ஏற்றி இறக்க வசதி ஆகிய எல்லாம் ஒரே கூரையின்கீழ் தேவைப்பட்டன. கட்டடத்தின் அளவு பணியின் அளவைக் காட்டுகிறது.

கட்டடக்கலை

இதை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். சென்னை மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம் ஆகியவையும் இவர் வடிவமைத்தவையே. ஐரோப்பியக் கட்டட அமைப்போடு இந்திய வளைவுகளையும் கோபுர வடிவங்களையும் கலக்கும் ‘இந்தோ-சாரசெனிக்’ பாணியைச் சென்னையில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர்.

கட்டடம் சுமார் 352 அடி நீளமும் 162 அடி அகலமும் கொண்டது. முகப்பில் எழும் இரட்டைக் கோபுரங்களின் உயரம் ஏறத்தாழ 125 அடி. வெளிப்புறத்தில் மாணவர்கள் மூன்று கூறுகளைக் கவனிக்கலாம். முதலாவது, சுவர்களின் செந்நிறச் செங்கல். இரண்டாவது, வரிசையாக அமைந்த வளைவுகள். இவை அழகுக்கு மட்டுமல்ல, மேற்சுமையைத் தாங்கிக்கொண்டு காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிடுபவை. மூன்றாவது, உயர்ந்த கூரை. மின்விசிறி இல்லாத காலத்தில் சூடான காற்று மேலே போக, கீழே நிற்பவர்களுக்கு வெக்கை குறையும். வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊருக்கேற்ற அறிவு இது.

இதன் பிறகே, 1892இல், அருகிலுள்ள உயர் நீதிமன்றக் கட்டடம் முடிந்தது. அதுவும் செந்நிறமே. பாரிமுனைப் பகுதிக்கு இன்றுள்ள முகம் இப்படித்தான் உருவானது.

நகர வாழ்வில் இதன் இடம்

சென்னையில் அச்சான ‘தி இந்து’ (1878), ‘சுதேசமித்திரன்’ (1882) போன்ற இதழ்கள் வெளியூர்ச் சந்தாதாரர்களைத் தபால் வழியே அடைந்தன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் கடிதங்களும் பணமும் கப்பலேறித்தான் ஊர் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்துக்கும் மணியார்டர் வரும் நாள் தெரிந்திருந்தது. தபால்காரர் பணத்தைக் கொடுத்து, அனுப்புநர் எழுதிய இரண்டு வரியைப் படித்துச் சொல்லி, கைநாட்டு வாங்கிச் செல்வார்.

அஞ்சல் குறியீட்டு எண்ணிலும் இந்த அஞ்சலகத்தின் தகுதி தெரிகிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க முறையில் முதல் இலக்கம் மண்டலத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் குறிக்கும். சென்னை பொது அஞ்சலகத்தின் எண் 600001. மும்பையின் பொது அஞ்சலகம் 400001, கொல்கத்தாவினுடையது 700001. பெருநகரங்களின் எண் வரிசை பொது அஞ்சலகத்திலிருந்தே தொடங்குகிறது.

தீ விபத்தும் அதன் பின்னும்

2000ஆம் ஆண்டு ஏற்பட்ட தீ விபத்தில் கட்டடத்தின் உட்பகுதி பெரும் சேதமடைந்தது. அத்தகைய தருணத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்ற எண்ணம் எழுவது எளிது. இங்கே அது நடக்கவில்லை. கட்டடம் சீரமைக்கப்பட்டு, அஞ்சலகமாகவே தொடர்கிறது.

இப்போதைய சோதனை தீயைவிட மெதுவானது. கைப்பேசி வந்தபின் சொந்தக் கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வேலை குறையக் குறைய, நகரின் நடுவே இத்தனை பெரிய இடம் அஞ்சல் துறைக்கு எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அதற்கான பதிலை அஞ்சலகத்தின் கவுன்ட்டர்களே தருகின்றன. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றில் பணம் போடுவோர் பலர் இன்றும் அஞ்சலகத்தையே நாடுகின்றனர். செயலி வழியே பணம் செலுத்தத் தெரியாத முதியவர் ஒருவர், படிவத்தை நீட்டி, புரியாததைக் கேட்டு, ஆள் கையால் ரசீது பெற இயலும் இடங்கள் குறைந்து வருகின்றன. அவருக்கு அஞ்சலகம் பழம்பெருமை அல்ல, இன்றைய தேவை.

பழைய கட்டடங்களைக் காப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பூட்டி வைத்துக் காட்சிப்பொருளாக்குவது ஒன்று. பயன்படுத்திக்கொண்டே பராமரிப்பது மற்றொன்று. ஆள் நடமாடும் கட்டடத்தில் ஓட்டை ஒழுகினால் அன்றே தெரியும். பூட்டிய கட்டடத்தில் சுவர் சரிந்த பின்தான் தெரியும். ஜி.பி.ஓ. இதுவரை இரண்டாம் வழியில் நின்றிருக்கிறது. இதைக் காண நுழைவுச்சீட்டு வேண்டாம். சென்னைக்கு வரும் மாணவர்கள் ஓர் அஞ்சலட்டை வாங்கி, அங்கேயே எழுதி, வீட்டு முகவரிக்குப் போட்டுவிட்டு வரலாம்.